ஒட்டுவாரொட்டி

"எங்கம்மா அந்தக் கண்ணடிக்கிற டீச்சரு?"

ஆறாம் வகுப்பின் பதினாறாம் வாய்ப்பாடு பாதியில் நின்றது. வாசலில் பூ மண்டிச் சின்னையா நின்றுகொண்டிருந்தார். தோளில் கிடந்த ஈரத் துண்டிலிருந்து சம்பங்கியும் மரிக்கொழுந்தும் கலந்து மணத்தன. ஒரு கையில் தன் மகள் பாண்டியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவள் எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் படிப்பவள். நாலைந்து நாளாக வகுப்புக்கு வரவில்லை.

"நான்தான். என்ன வேணும்?" என்றேன்.

"என்ன வேணுமா? எம் புள்ளைக்கு உன் வியாதிய ஒட்ட வச்சுட்டு என்ன வேணும்னா கேக்குற? நத்தத்துப் புளி யாவாரி வீட்டுல இருந்து ஒரு வண்டி ஆளுக பொண்ணு பாக்க வந்தாக. காப்பியக்கூடத் தொடாம எந்திரிச்சுப் போய்ட்டாக. அம்புட்டுப் பேருக்கும் முன்னாடி இவ கண்ணச் சிமிட்டிக்கிட்டு வாயக் கோணிக்கிட்டு நிக்கிறா!"

சொல்லிவிட்டு மகளை முன்னால் தள்ளினார். பாண்டியம்மாள் தலையைத் தூக்கவில்லை. ஆனால் அவளுடைய இடது கண் மூடித் திறந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. கழுத்து ஒரு வெட்டு வெட்டியது.

என் முகத்தை நான் கண்ணாடியில் அதிகம் பார்த்துக்கொள்வதில்லை. அன்று எதிரே நிறுத்தி வைத்துக் காட்டினார்கள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒட்டுவாரொட்டிய வகுப்புக்குள்ள விட்டிருக்காங்க, கேக்க நாதியில்ல" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டு, சின்னையா மேனேஜர் அறையைப் பார்த்து நடந்தார். என்னை 'நீ, வா, போ' என்று பேசியதைப் பற்றி அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேறு எந்த டீச்சரையும் அப்படிப் பேசிவிட்டு அவர் வாசலைத் தாண்டியிருக்க முடியாது.

ஏழு வயதில் வந்தது

போன வாரம் இந்தத் தொடரில் நான் படித்த ஆசிரியப் பயிற்சி விடுதியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்களுக்கு என்னதான் கோளாறு, கடைசி வரை சொல்லவே இல்லையே" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இத்தனை வாரம் சொல்லாமல் இழுத்தடித்தது என் வீம்புதான்.

ஏழு வயதில் வந்தது. முதலில் கண் சிமிட்டல். அப்புறம் வாய், அப்புறம் கழுத்து. நடுநடுவே தொண்டையில் 'க்கும்' என்று ஒரு சத்தம். நான் செய்வதில்லை, அதுவாக வரும். அப்பா சின்னாளப்பட்டிப் பக்கம் கத்தரியும் மிளகாயும் போட்ட சம்சாரி. மந்திரித்தார், கயிறு கட்டினார், தர்காவில் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தார், கோயிலில் முடி இறக்கினார். எதற்கும் அது அசையவில்லை. கடைசியில் வாழை மட்டையால் அடித்தார். அடித்தால் அதிகமாகத்தான் ஆனது. அடித்து ஓய்ந்த பிறகு அவரே உட்கார்ந்து அழுதார்.

ஐம்பது வயதுக்கு மேல்தான், மதுரையில் ஒரு நரம்பு டாக்டர் இதற்கு ஒரு பெயர் சொன்னார். வெள்ளைக்கார டாக்டர் ஒருவரின் பெயர். அதுவரை ஊர் வைத்த பெயர்கள்தான் எனக்கு இருந்தன. அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கொஞ்ச நேரம் அடக்கலாம். தும்மலை அடக்குகிற மாதிரிதான். அடக்க அடக்க உள்ளே சேர்ந்துகொண்டே போய், விட்டதும் மொத்தமாக வரும். வாய்ப்பாடு சொல்லும்போதும் பாட்டுப் பாடும்போதும் தானாக அடங்கும். கரும்பலகையில் எழுதும்போதும் அப்படித்தான். என் வகுப்பில் வாய்ப்பாட்டுச் சத்தம் தெருமுனை வரை கேட்டதற்கும், என் கையெழுத்தை எல்லாரும் மெச்சியதற்கும் இதுதான் காரணம்.

அணா போய்ப் புதுக் காசு வந்த புதிதில் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். திண்டுக்கல் பஜாருக்குப் பின்னால் இருந்த பெண்கள் பள்ளிக்கூடம். சர்க்கார் மானியம் தரும், ஆனால் நடத்துவது ஒரு மளிகை வியாபாரி. அவரைத்தான் மேனேஜர் என்போம். அவரும் அவருடைய இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்ததுதான் கமிட்டி. வேலையை நிரந்தரம் ஆக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் அவர்கள் கையில் இருந்தன. என் வேலை மூன்று வருடமாக 'தற்காலிகம்' என்றே ஓடிக்கொண்டிருந்தது.

ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்தபோது, மேனேஜர் கெஞ்சியதால் மூச்சைப் பிடித்து முழு நேரமும் அடக்கினேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். அவர் ஜட்கா வண்டி தெருமுனை திரும்பியதும் எனக்கு வந்தது பாருங்கள், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் வந்து பார்த்தார்.

"அடக்க முடியுதுல்ல? அப்ப இது வியாதி இல்ல டீச்சர், கொழுப்பு" என்றார்.

அன்று அவருக்கு அது கொழுப்பு. சின்னையா வந்து கத்திய அன்று அதே மனிதருக்கு அதே கண் சிமிட்டல் தொற்றுநோய் ஆகிவிட்டது. கொழுப்பு எப்படி ஒட்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

குடையும் பஜாரும்

ஆணுக்கு இந்தக் கோளாறு வந்தால், பாவம், நரம்புத் தளர்ச்சி என்பார்கள். பெண்ணுக்கு வந்தால் கண்ணடிக்கிறாள் என்பார்கள்.

பஜாரில் பூட்டுக் கடை ஒன்றில் வேலை பார்த்த ஒருவன் நான் கண்ணடித்துக் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு என் அறை வரை பின்னால் வந்தான். வீட்டுக்காரம்மாள் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ ஏம்மா அங்கிட்டுப் பாத்துச் சிமிட்டுன?" என்று என்னைத்தான் கேட்டார். அன்றிலிருந்து வெயிலோ மழையோ, குடையை விரித்து முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். குடைக்குள் போகிற டீச்சர் என்று அதற்கும் ஒரு பெயர் வந்தது.

அந்த ஊரில் என்னை ஒழுங்காக நடத்தியவர்கள் என் பிள்ளைகள்தான். முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிட்டேன். "இது என் நரம்பு செய்யிற வேலை. நான் யாரையும் கூப்பிடலை, யாரையும் கேலி பண்ணலை. எங்கப்பா அடிச்சும் பாத்தாரு, போகலை. ரெண்டு நாள் பாருங்க, அப்புறம் உங்களுக்கே மறந்துரும்." அப்படியேதான் மறந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு குட்டி என்னிடம் வந்து, "டீச்சர், உங்க மூக்குல சாக்பீசு ஒட்டியிருக்கு" என்றாள். அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

தையல் அறையில்

சின்னையா மேனேஜரிடம் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் பாண்டியம்மாளைத் தையல் அறைக்குக் கூட்டிப்போனேன். தையல் டீச்சர் கதீஜா என் ஒரே சிநேகிதி. தோல் வியாபாரம் செய்த குடும்பம் அவருடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், யாருக்கும் பயப்படாத வாய்.

கதவைச் சாத்தினேன். "நிறுத்துடி" என்றேன்.

அவள் நிறுத்தினாள்.

எனக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. அவள் சரியாகத்தான் செய்தாள், மூன்று வருடம் பார்த்திருக்கிறாளே. ஆனால் எனக்குக் கழுத்து வெட்டுவதற்கு முன் தோள் இறுகும். அவளுக்குத் தோள் இறுகவில்லை. வலி தெரிந்தவளுக்குத்தான் அது தெரியும்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. "என் கஷ்டம் உனக்கு வேஷமாடி? இதை வச்சுக்கிட்டு நான் தெருவுல நடக்குற நடை உனக்குத் தெரியுமா?"

அவள் அழவில்லை. "எட்டாவது பரீட்சைக்கு இன்னும் நாலு மாசந்தான் டீச்சர்" என்றாள். "கலியாணம் வேணாம்னு சொன்னேன், அடிச்சாக. ரெண்டு நாள் சாப்டாமக் கெடந்தேன், வாயில ஊத்துனாக. வேற என்ன செஞ்சாலும் அடிச்சுச் சரிபண்ணிருவாக. உங்களுது மட்டுந்தான் அடிச்சும் போகலைன்னு நீங்க சொன்னீங்க."

அவளுக்குப் பதினைந்து நடந்துகொண்டிருந்தது. யோசித்து, தேடி, அடியால் போகாத ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

கதீஜா டீச்சர் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தார். "யா அல்லா, இம்புட்டு மூளைய வச்சுக்கிட்டு இவளப் புளி உடைக்கவா அனுப்பப் போறாங்க?" என்றார்.

நான் என் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவள் மேல் வைக்க முடியவில்லை.

கமிட்டி

சனிக்கிழமை கமிட்டி கூடியது. மேனேஜர், அவருடைய சிநேகிதர்கள் இருவர், சின்னையா. சுவரோரம் பாண்டியம்மாள். அத்தாட்சி காட்ட அவளையும் கூட்டி வந்திருந்தார்கள். என்னை நிற்க வைத்துப் பேசினார்கள். பக்கத்தில் காலி நாற்காலி இருந்தது.

"நீங்களா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா உங்களுக்கும் கௌரவம், எங்களுக்கும் கௌரவம்" என்றார் மேனேஜர்.

"நான் எழுத மாட்டேன். வேணும்னா நீங்க என்னை நிறுத்தி எழுதுங்க. காரணம் என்னன்னு எழுதுவீங்க? கொழுப்புன்னா, வியாதின்னா?"

ஒரு சிநேகிதர் வெற்றிலையை மென்றுகொண்டே, "பொம்பளப் புள்ளைக படிக்கிற எடம். நாளைக்கு எல்லாப் புள்ளையும் இப்படி நின்னா எவன் கட்டுவான்?" என்றார்.

"என் தங்கச்சி என்கூட ஒரே பாயில படுத்து வளந்தவ. அவளுக்கு ஒட்டலை. மூணு வருஷமா எத்தனை பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், ஒருத்திக்கும் ஒட்டலை. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு மட்டும் எப்படிங்க ஒட்டுச்சு?"

முடிவு செய்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்கள். 'அவள் நடிக்கிறாள்' என்று நான் இரண்டு வார்த்தை சொன்னால் என் வேலை தப்பிக்கும். பாண்டியம்மாளின் படிப்பு அன்றைக்கே முடிந்துவிடும். நான் சொல்லவில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. இவர்கள் கையில் அவளைக் கொடுக்கக் கூடாது என்ற ஆத்திரம்தான் என் வாயைக் கட்டியது.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். அப்போது சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"எனக்கு ஒண்ணும் ஒட்டலை. நானாத்தான் செஞ்சேன்."

சின்னையா எழுந்து ஓர் அறை விட்டார். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர அனுப்பாதீங்க" என்றாள். நம்ப மாட்டேன் என்றார் மேனேஜர். செய்து காட்டினாள். நிறுத்து என்றார், நிறுத்தினாள். மறுபடி செய் என்றார், செய்தாள். குரங்காட்டி முன்னால் குட்டிக்கரணம் போடுகிற மாதிரி அந்தப் பிள்ளையைச் செய்ய வைத்துப் பார்த்தார்கள்.

அப்புறம் அவர்கள் சிரித்தார்கள். சின்னையாவும் சிரித்தார். "அட கழுதை! நல்லவேள, நோயி இல்ல" என்று மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அமாவாசை கழியட்டும், வளர்பிறைல நத்தத்துக்கு ஆளனுப்பிச் சொல்லிருவோம். பையன் வீட்டுல நல்லவுகதான்."

"ஏன் செஞ்சான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" என்றேன்.

மேனேஜர் என்னை வினோதமாகப் பார்த்தார். "அதான் உங்க மேல இருந்த பழி போயிருச்சே டீச்சர். அப்புறம் என்ன? திங்கக்கிழமை உங்க வேலைய நிரந்தரமாக்கி ஆர்டர் தந்துர்றேன், போங்க."

ஒரு பெண் பிள்ளை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் தன் முகத்தைத் தானே கோணலாக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். அது ஏன் என்று கேட்க அந்த அறையில் இருந்த நாலு ஆண்களுக்கும் தோன்றவில்லை. அவளுக்கு நோய் இல்லை என்றால் சரக்கு நல்ல சரக்கு, அவ்வளவுதான்.

நத்தம் பஸ்

திங்கட்கிழமை சொன்னபடி ஆர்டர் வந்தது. வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அமாவாசைக்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் இருந்ததில் நல்லதான ஒரு சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு கதீஜா டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"நத்தத்துக்குப் போறேன். கூட வாரீங்களா?"

"அங்கிட்டு என்ன சோலி?"

"பாண்டியம்மாளுக்குப் பாத்த மாப்பிள்ளை வீட்டுல உண்மையச் சொல்லிட்டு வரப் போறேன். அவளுக்கு நோய் இல்லைன்னு."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினார். "நீ போய்ச் சொன்னா அவுக நல்லா நம்புவாக, வா" என்றார்.

பஸ்ஸில் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

அந்த வீட்டு முற்றத்தில் புளி குவிந்து கிடந்தது. நாலைந்து பெண்கள் உட்கார்ந்து ஓடு நீக்கிக்கொண்டிருந்தார்கள். புளிப்பு வாசனையில் வாய் ஊறியது. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரிதான். "வாங்க தாயி, உக்காருங்க" என்று பாய் விரித்துச் செம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் வாங்கும்போது கண் சிமிட்டியது. வாய் இழுத்தது. அடக்கவில்லை. அடக்கப் போவதில்லை என்று பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன்.

"கண்ணுல தூசியா தாயி?"

"இல்லம்மா, ஏழு வயசுல இருந்தே இருக்கு. நான் பாண்டியம்மாளோட டீச்சர்."

அந்த அம்மாளின் கை அந்தரத்தில் நின்றது. புளி உடைத்துக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்தார்கள்.

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. "இது ஒட்டாதும்மா. பாண்டியம்மாளுக்கு ஒரு நோயும் கிடையாது. அன்னைக்கு அவ நடிச்சா. அவளுக்குப் படிக்க ஆசை. மூணு வருஷமா எனக்கு முன்னாடி உக்காந்துதான் படிக்கிறா, கணக்குல அவதான் முதல். பரீட்சை எழுதட்டும்னு நீங்க பெரிய மனசு பண்ணிக் கொஞ்ச நாள் பொறுக்கணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்." சொல்லச் சொல்லக் கழுத்து வெட்டியது, தொண்டை 'க்கும் க்கும்' என்றது.

"மூணு வருசமாவா?" என்றார் அந்த அம்மாள். நான் சொன்னதில் அது ஒன்றுதான் அவர் காதில் விழுந்தது. தவழ்ந்து வந்த பேரப்பிள்ளையைச் சட்டென்று தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் எழுந்து வெளியே வந்தபோது, நான் குடித்த செம்பை ஒரு பெண் முந்தானையால் பிடித்து எடுத்துப்போய்ச் சாம்பல் குவியலில் வைத்தாள். எனக்குத் தெரிய வேண்டாம் என்றுகூட அவள் நினைக்கவில்லை.

பஸ்ஸில் கதீஜா டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். திண்டுக்கல் வருவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையை முழுசாகச் சொன்னேன், அவர்கள் ஓர் எழுத்தைக்கூட நம்பவில்லை. நம்ப மாட்டார்கள் என்று தெரிந்துதான் போனேன். என்னை வாழ்நாள் முழுக்க வதைத்த மடமையைக் கூலிக்குப் பிடித்து ஒருநாள் வேலை வாங்கினேன், அவ்வளவுதான். ஒரு பெண் நாலு மாதம் கூடப் படிக்க அந்த ஊரில் ஒரு வியாதி தேவைப்பட்டது. இதை வெற்றி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுபடி வாசலில்

வளர்பிறையில் நத்தத்துக்குப் போன ஆள் போன வேகத்தில் திரும்பி வந்தான். பேச்சு சந்தையில் பரவியது. பூ மண்டிக்கு வருகிறவர்கள் பூவை வாங்கினார்கள், பெண்ணைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. சின்னையா என்னிடம் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தார். ஆனால் குரல் இறங்கியிருந்தது. மகள் பின்னால் நின்றாள், இடுப்பில் புத்தகக் கட்டு.

"ஒரு பயலும் வர மாட்டேங்குறான். வீட்டுல சும்மா குத்த வச்சு என்ன செய்ய? படிச்சுத் தொலையட்டும்" என்றார். போகத் திரும்பியவர் நின்று, மகளுக்குக் கேட்காமல் தணிந்த குரலில், "டீச்சர், இவளச் செத்தத் தள்ளி, பின்னாடிப் பெஞ்சுல உக்கார வைங்க. மேற்கொண்டு ஒட்டாம இருக்கணும்ல" என்றார்.

அவள் தானாகச் செய்ததை நேரில் பார்த்தவர். நிறுத்தச் சொன்னால் நிறுத்தியதையும் பார்த்தவர். பார்த்துவிட்டுச் சிரித்தவரும் அவர்தான்.

"சரி" என்று சொல்லி அனுப்பினேன். முதல் பெஞ்சில், என் முகத்துக்கு நேர் எதிரே இருந்த பிள்ளையை நகரச் சொல்லிவிட்டு, பாண்டியம்மாளை அங்கே உட்கார வைத்தேன்.